சுவடு வாசிக்காத வேட்டை

அமெரிக்காவின் வட மாநிலங்களில் இலையுதிர்காலம் நெருங்கும்போது, துப்பாக்கியோ வில்லோ இல்லாமல் காட்டுக்குள் நுழையும் வேட்டைக்காரர்களைக் காணலாம். விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா என்று வெண்வால் மான்கள் மிகுந்த மாநிலங்களில் இது நெடுநாள் வழக்கம். விஸ்கான்சினில் வில் வேட்டை செப்டம்பர் நடுவில் தொடங்கும். துப்பாக்கி வேட்டைக்கான ஒன்பது நாட்கள் நவம்பரில், நன்றியறிதல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும். அதற்குப் பல வாரங்கள் முன்பே, மான் எங்கே படுக்கிறது, எங்கே மேய்கிறது, இரண்டுக்கும் நடுவே எவ்வழியில் நடக்கிறது என்பதைக் கண்டுவரப் போவார்கள். அவர்கள் அதை ஸ்கௌட்டிங் என்கிறார்கள். நாம் வேவு பார்த்தல் என்போம்.

வேட்டை என்ற செயலில் கலை என்று சொல்லத்தக்கது ஏதேனும் இருக்குமானால், அது இந்த வேவில்தான் இருக்கிறது என்பது என் தரப்பு. விசையை அழுத்துவதில் கலை ஏதுமில்லை. அது ஒரு கணம். அந்தக் கணத்துக்கு முன்னால் கிடக்கும் வாரங்கள்தான் வேட்டை. இன்று அந்த வாரங்களை மரத்தில் கட்டிய ஒரு சிறு பெட்டியிடம் ஒப்படைத்துவிட்டு, படம் கைப்பேசிக்கு வந்து சேரும்வரை சோபாவில் காத்திருக்கிறது ஒரு பெருங்கூட்டம். இவர்கள் மானைக் கொல்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. வேட்டையாடுகிறார்களா என்பதே கேள்வி.

வேவு என்பது என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம். அதை அறியாமல், பறிபோனது என்ன என்று புரியாது.

கோடையின் இறுதியில் ஆண் மான்கள் சிறு கூட்டங்களாகத் திரியும். அந்தியில் சோயா வயல்களுக்கு வரும். தொலைவில் நின்று பைனாகுலரில் பார்த்தால் கொம்புகள் இன்னும் மென்மயிர்த் தோல் போர்த்திருப்பது தெரியும். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ அந்தத் தோல் உரிந்து விழும். அதோடு கூட்டமும் கலையும். நேற்றுவரை தோளோடு தோள் மேய்ந்தவை ஒன்றையொன்று தவிர்க்கத் தொடங்கும். வயலில் கண்ட மானை அதே வயலில் மறுபடி காண்போம் என்று நம்பியவன் இங்கேதான் ஏமாறுவான். மானின் ஆண்டு ஒரே அத்தியாயமாக ஓடுவதில்லை.

பிறகு ஓக் கொட்டைகள் உதிரும். வெள்ளை ஓக்கின் கொட்டையில் துவர்ப்பு குறைவு. மான் அதை விரும்பித் தின்னும். அது ஒரே பருவத்தில் முற்றிவிடும். சிவப்பு ஓக்கின் கொட்டை துவர்ப்பு மிக்கது; முற்ற இரண்டு பருவம் ஆகும். எனவே, எந்த மேட்டில் எந்த ஓக் நிற்கிறது, இவ்வாண்டு எது காய்த்திருக்கிறது என்று அண்ணாந்து பார்க்கத் தெரியாதவனுக்கு, செப்டம்பரில் வயல் ஏன் திடீரென்று வெறிச்சோடியது என்பது விளங்காது. மான் எங்கும் போய்விடவில்லை. சில நூறு அடி தள்ளி, அவன் பெயர் அறியாத ஒரு மரத்தடியில் நிற்கிறது.

அதன்பின் எழுத்துகள் தோன்றும். ஆண் மான் இளமரத்தின் பட்டையில் கொம்பையும் நெற்றியையும் உரசி, உள்ளிருக்கும் வெளிர்நிறம் தெரியும்படி செய்துவிட்டுப் போகும். மரத்தின் எந்தப் பக்கம் உரசப்பட்டிருக்கிறது என்பதைக் கொண்டு அது எத்திசையிலிருந்து வந்தது என்று ஊகிக்கலாம். அக்டோபரில் தாழ்ந்த கிளையொன்றின் கீழே சருகுகளைக் குளம்பால் பிறாண்டி மண்ணைத் திறந்து வைக்கும். அதில் சிறுநீர் கழிக்கும். மேலே தொங்கும் கிளை நுனியில் கண்ணோரச் சுரப்பியையும் நெற்றியையும் தேய்த்து மணம் விட்டுச் செல்லும். அதே கிளைக்கு வேறு மான்கள் வந்து மோந்து, தம் மணத்தையும் சேர்க்கும். காட்டின் அறிவிப்புப் பலகை அது. அதைத் தவிர புழுக்கைகள், ஈரமண்ணில் குளம்படி, நீள்வட்டமாய் நசுங்கிய புல்லில் படுத்த இடம்.

இவற்றோடு காற்றையும் படிக்கவேண்டும். வெயில் ஏற ஏறச் சரிவின் காற்று மேலெழும். அந்தி குளிரக் குளிரக் கீழே வழியும். காலையில் சரியாக இருந்த மரப்பரண் மாலையில் அவன் வாசனையைப் பள்ளத்தில் படுத்திருக்கும் மானின் மூக்குக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். தேர்ந்த வேவுக்காரர்கள் வேட்டை முடிந்த பின்னரும், பிப்ரவரி, மார்ச் மாதங்களில், மறுபடி காட்டுக்குப் போகிறார்கள். இலையில்லாத காட்டில் சென்ற ஆண்டின் உரசல்களும் தடங்களும் திறந்த புத்தகமாகக் கிடக்கும். உதிர்ந்த கொம்புகளும் அப்போதுதான் கிடைக்கும். ஆகவே இலையுதிர்கால வேட்டைக்கான வேவு சென்ற பனிக்காலத்திலேயே தொடங்கிவிடுகிறது.

*

இத்தாலிய வரலாற்றாசிரியர் கார்லோ கின்ஸ்பர்க் தடயங்களைப் பற்றி 1979இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஓர் ஊகத்தை முன்வைத்தார். கதை சொல்வது என்ற வழக்கமே வேட்டைச் சமூகத்தில் தோன்றியிருக்கலாம் என்பது அது. கண்ணுக்குத் தெரியாத ஒரு விலங்கு விட்டுச்சென்ற ஊமைச் சுவடுகளைக் கோத்து, நிகழ்ச்சிகளின் வரிசையாக்கி, 'இவ்வழியே ஒன்று சென்றது' என்று முதலில் சொன்னவன் வேடன் என்கிறார். நிரூபிக்க இயலாத ஊகம்தான். ஆயினும் வாசிப்பின் மீது பற்று கொண்ட எவருக்கும் அதன் ஈர்ப்பு புரியும். உரசல், குளம்படி, நசுங்கிய புல் ஆகிய மூன்றுக்கும் நடுவே எதுவும் எழுதப்படவில்லை. அந்த இடைவெளியை நிரப்புவது மனம். இலக்கிய வாசகன் செய்வதும் அதைத்தானே?

இப்போது அந்தப் பெட்டிக்கு வருவோம். டிரெயில் கேமரா என்று அதற்குப் பெயர். அதன் முன் உடல் வெப்பமுள்ள ஏதேனும் அசைந்தால் அகச்சிவப்பு உணரி அறிந்துகொள்ளும், படம் பிடிக்கும். இரவில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் பிடிக்கும். தொடக்ககாலக் கருவிகளில் இருந்தது பிலிம். பிறகு நினைவட்டை வந்தது. அதை எடுத்துவரவேனும் மனிதன் காட்டுக்கு நடக்கவேண்டியிருந்தது. இன்றைய கருவி செல்பேசிக் கோபுரத்தின் வழியே அந்தக் கணமே படத்தை அனுப்பிவிடுகிறது. மாதச் சந்தா கட்டினால் போதும். படங்களில் உள்ளது ஆணா பெண்ணா என்று மென்பொருளே பிரித்து அடுக்கும். காற்று, வெப்பநிலை, நிலவின் பிறை ஆகியவற்றோடு சேர்த்து, எந்த நாளில் எந்த மணிக்குப் பரண் ஏறுவது என்று பரிந்துரைக்கவும் செய்யும்.

விளைவு என்ன? கொம்பின் வடிவத்தைக் கொண்டு ஒவ்வோர் ஆண் மானுக்கும் ஒரு பெயர் வைத்துவிடுகிறார்கள். கொல்லத்தக்கவை என்று ஒரு பட்டியல் தயாராகிறது. குறிப்பிட்ட மான் நேற்றிரவு 2.14க்கு மூன்றாம் பெட்டியின் முன்னும், இன்று காலை 6.40க்கு ஐந்தாம் பெட்டியின் முன்னும் நடந்தது என்ற தகவல் அலுவலக மேசையில் கிடைக்கிறது. இடைவெளி ஏதும் இல்லை. எனவே அதை நிரப்பவேண்டிய மனமும் தேவையில்லை. நாவலைப் படிக்காமல் நோட்ஸ் படித்துத் தேர்வெழுதும் மாணவனை நாம் அறிவோம். அவன் மதிப்பெண் வாங்கிவிடுவான். அந்த மதிப்பெண்ணைக் காட்டித் தன்னை வாசகன் என்று அவன் அழைத்துக்கொள்ளும்போதுதான் நமக்கு எரிச்சல் வருகிறது.

இதில் கசப்பான ஒரு முரணும் உண்டு. காட்டில் விலங்கே தன் படத்தை எடுத்துக்கொள்ளும்படி கேமராவைப் பொறியாக வைத்த முன்னோடிகளில் ஒருவர் மூன்றாம் ஜார்ஜ் ஷிராஸ். பென்சில்வேனியாவைச் சேர்ந்தவர், பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். இரவில் படகில் விளக்கேற்றிச் சென்று, ஒளியில் திகைத்து நிற்கும் மானைச் சுடும் முறை மிச்சிகன் ஏரிப்பகுதிகளில் இருந்தது. ஷிராஸ் அதே படகையும் அதே விளக்கையும் வைத்துக்கொண்டு, துப்பாக்கி இருந்த இடத்தில் கேமராவை வைத்தார். விலங்கின் கால் பட்டதும் ஒளிவீசிப் படமெடுக்கும் கம்பிப் பொறிகளையும் அமைத்தார். 1906 ஜூலையில் நேஷனல் ஜியாகிரபிக் இதழ் அவருடைய 74 படங்களை வெளியிட்டது. துப்பாக்கிக்கு மாற்றாகக் காட்டுக்குள் வந்த கருவி அது. நூறாண்டில் அது துப்பாக்கியின் ஏவலாளாகிவிட்டது.

*

கருவிகளை ஆதரிப்போர் சொல்வதையும் கேட்கவேண்டும். அவர்கள் எல்லோரும் மூடர்கள் அல்லர்.

'துப்பாக்கியும் கருவிதானே? தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கியை ஏற்றுக்கொண்ட நீ, இதை மட்டும் ஏன் மறுக்கிறாய்? கோட்டை எங்கே போடுவாய்?' என்பது முதல் வாதம். கோடு போடக் கடினமான இடத்தில் கோடே வேண்டாம் என்பது சோம்பேறித்தனம். எனக்குத் தெரிந்த கோடு இது: நான் காட்டில் இருக்கும்போது எனக்கு உதவும் கருவி ஒரு வகை, நான் இல்லாதபோது எனக்குப் பதிலாக அங்கே இருக்கும் கருவி இன்னொரு வகை. பைனாகுலர் என் கண்ணை நீட்டுகிறது, ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு நான் கொசுக்கடியில் நின்றாகவேண்டும். பெட்டியோ என்னை வீட்டிலேயே உட்காரச் சொல்கிறது. ஸ்பானியச் சிந்தனையாளர் ஒர்தேகா இ கஸ்ஸெத் வேட்டையைப் பற்றி 1942இல் எழுதியபோது இதைத்தான் அழுத்திச் சொன்னார். மனிதனின் கருவிவலிமைக்கு எல்லையே இல்லை. அதைத் தானே விரும்பிக் கட்டுப்படுத்திக்கொண்டு, விலங்கு தப்பிக்க இடம் விடுகிறவரைதான் அது வேட்டை. அந்தக் கட்டுப்பாடு நீங்கினால் எஞ்சுவது அழிப்பு மட்டுமே.

'படத்தைப் பார்த்து முதிர்ந்த மானைத் தெரிந்துகொண்டால், இளம் மானைச் சுடாமல் விடலாம். கேமரா உயிர்களைக் காக்கிறது' என்பது இரண்டாவது. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் உடலமைப்பைக் கொண்டு வயதைக் கணிக்கும் பழக்கம் இந்தப் பெட்டிகளை நம்பிப் பிறந்ததன்று. ஆகஸ்ட் அந்திகளில் வயலோரம் நின்றவர்கள் அதைச் செய்தே வந்தார்கள். மேலும் மான் தொகையின் கணக்கைப் பாருங்கள். 1900ஐ ஒட்டி அமெரிக்காவில் வெண்வால் மான்கள் ஏறத்தாழ 5 லட்சமாகச் சுருங்கியிருந்தன. சந்தைக்காகக் கொல்வது தடுக்கப்பட்டபின் பெருகி, இன்று ஏறக்குறைய 3 கோடி என மதிப்பிடப்படுகின்றன. ஓநாய் அற்றுப்போன நிலங்களில் மான்கள் இளங்கன்றுகளை மேய்ந்து காட்டையே முளைக்கவிடாமல் செய்கின்றன. எனவே வேட்டை தேவை என்பது வேட்டைக்காரர்களின் வலுவான நியாயம். நானும் அதை ஏற்கிறேன். ஆனால் தொகையைக் குறைப்பது பெண் மானைச் சுடுவதால்தான். பெயரிட்டுப் பட்டியலிடப்பட்டவை எல்லாம் பெருங்கொம்பு ஆண்கள். பேச்சில் சூழலியல், கைப்பேசியில் கொம்பு!

மூன்றாவது வாதமே மதிக்கத்தக்கது. 'தொழிற்சாலையில் வேலை செய்கிறவனுக்கு இரண்டு வார இறுதிகள்தான் கிடைக்கின்றன. காடு மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கிறது. வாரந்தோறும் போய்வரக் காசும் இல்லை, நேரமும் இல்லை. அவனுக்கு இந்தப் பெட்டி ஒரு வரம். அடிக்கடி போகாததால் மானுக்கும் தொல்லையில்லை.' அந்த மனிதன் மீது எனக்குப் பரிவு உண்டு. ஆயினும் இந்தக் கருவியால் உண்மையில் ஆதாயம் பெறுகிறவர்கள் யார்? சொந்த நிலமோ குத்தகை நிலமோ வைத்துக்கொண்டு, இருபது பெட்டிகளுக்குச் சந்தா கட்டக்கூடியவர்கள். நடக்கத் தெரிந்த ஏழை, நிலம் வைத்திருக்கும் பணக்காரனுக்குச் சமமாக நின்ற ஒரே துறை வேவுதான். அதையும் விலைக்கு வாங்கத்தக்க பொருளாக்கிவிட்டது இந்தப் பெட்டி. மானுக்குத் தொல்லையில்லை என்பதில் ஒளிந்திருப்பது இன்னும் மோசமானது. காலடி வைத்து வேவு பார்ப்பவன் தன் வாசனையை அங்கே விட்டுவிட்டு வருகிறான். அவன் மானை அறியும்போது மானும் அவனை அறிந்துகொள்கிறது, வழியை மாற்றிக்கொள்கிறது, இரவில் மட்டும் நடக்கிறது. அவன் கொடுக்கும் விலை அது. பெட்டி வாசனையற்றது. அது எல்லாவற்றையும் அறிகிறது. அதை எதுவும் அறிவதில்லை. நேரமில்லாதவன் குறைவாக வேட்டையாடட்டும். நம் நாட்காட்டிக்கு ஏற்பத் தன்னை ஒப்படைக்கவேண்டிய கடமை மானுக்கு இல்லை.

கடைசியாக, தமிழ் வாசகர் பலர் எழுப்பக்கூடிய கேள்வி. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வளர்ந்த நமக்கு, மான் வேட்டை என்றாலே குற்றம். 'கொலை கொலைதான், சுவடு பார்த்துக் கொன்றால் என்ன, படம் பார்த்துக் கொன்றால் என்ன? சாகும் மானுக்கு என்ன வேறுபாடு?' குண்டு பட்டபின் வேறுபாடில்லை. அதற்கு முன் நிறைய உண்டு. சுவடு பார்த்து வருபவனிடம் பத்துக்கு ஒன்பது முறை மான் தப்பிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்பது உயிர்களுக்கும் வேறுபாடு உண்டு. கொல்பவனுக்கும் உண்டு. வாரக்கணக்கில் ஒரு விலங்கின் வாழ்வைப் படித்தவன் அதை வீழ்த்தும்போது, தான் எதை அழித்தோம் என்று அறிவான். படத்தைப் பார்த்து வந்தவன் அறிந்தது அதன் கொம்பின் அளவை மட்டுமே. இறைச்சி உண்ணும் சமூகம் ஒன்றில் இந்த அறிவு இருப்பதா அழிவதா என்பது அற்பமான கேள்வி அன்று.

*

இது இலக்கியக்காரனின் புலம்பல் என்று ஒதுக்கவும் இயலாது. அரிசோனாவின் வேட்டை ஆணையம் 2021இல் முடிவெடுத்து, 2022 ஜனவரி 1 முதல் வேட்டைக்கு உதவும் நோக்கில் டிரெயில் கேமரா வைப்பதையே தடைசெய்தது. வறண்ட நிலம் அது. விலங்குகள் வந்தாகவேண்டிய நீர்நிலைகள் சிலவே. ஒரே குட்டையைச் சுற்றிப் பல பெட்டிகள் முளைத்திருந்தன. நெவாடா பொது நிலங்களில் ஆகஸ்ட் முதல் டிசம்பர் இறுதிவரை தடை கொண்டுவந்தது. யூட்டாவும் 2022இல் வேட்டைப் பருவத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. தியோடர் ரூஸ்வெல்ட் 1887இல் நிறுவிய பூன் அண்ட் கிராக்கெட் சங்கம் விலங்குரிமைக் கூட்டமன்று. கொம்பளந்து சாதனைப் பதிவேடு வைத்திருக்கும் வேட்டைக்காரர் சங்கம். நிகழ்நேரப் படம் காட்டிய வழியில் வீழ்த்தப்பட்ட விலங்கை அப்பதிவேட்டில் ஏற்பதில்லை என்பது அதன் நிலைப்பாடு.

தடை கொண்டுவந்தவை பெரும்பாலும் மேற்கு மாநிலங்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். அங்கே பொது நிலம் மிகுதி. எனவே அநீதி எல்லோர் கண்ணிலும் படுகிறது. வெண்வால் மானின் தாயகமான கிழக்கிலும் நடுமேற்கிலும் நிலம் பெரும்பாலும் தனியாருடையது. வேலிக்குள் நடப்பதை யார் கேட்பது? அனுமதியுள்ள இடங்களில் சோளத்தைக் கொட்டிவைத்து, அதன் எதிரிலேயே பெட்டியைக் கட்டுகிறார்கள். 1967இல் கொலராடோவில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டு 2002இல் விஸ்கான்சினில் கண்டறியப்பட்ட உருக்குநோய்க்கு மருந்தில்லை. எச்சிலிலும் கழிவிலும் பரவுவது. மான்களை ஒரே குவியலில் வாய்வைக்கச் செய்வதன் ஆபத்தைச் சொல்லித்தான் மிச்சிகன் தன் கீழ்த் தீபகற்பத்தில் 2019இல் இரை வைப்பதைத் தடைசெய்தது. சோளக் குவியலும் பெட்டியும் ஒரே மனநிலையின் இரு பிள்ளைகள். மானைத் தேடிப் போகாமல் அதை வரவழைப்பது, மானைப் பார்க்காமல் படத்தைப் பார்ப்பது.

விஸ்கான்சினின் மணற்காட்டில் வாழ்ந்த ஆல்டோ லியோபோல்ட், தாமும் வேட்டைக்காரர்தான். அவர் இறந்த மறு ஆண்டு, 1949இல் வெளியான கட்டுரை நூலில், கருவிகள் குவியக் குவிய வேட்டையின் பண்பாட்டு மதிப்பு வடிந்துபோவதைக் கண்டித்திருக்கிறார். வேட்டைக்காரனுக்குப் பார்வையாளர் கூட்டம் இல்லை, அவன் ஒழுக்கத்துக்கு அவன் மனமே நடுவர் என்பதும் அவருடைய கருத்து. இன்றைய வேட்டைக்காரனுக்குப் பார்வையாளர்கள் இருக்கிறார்கள், யூடியூபில். இல்லாமல் போனது நடுவர்தான்.

ஃபாக்னரின் 'கரடி' கதையை வாசித்தவர்கள் நினைவுகூரலாம். 1942இல் நூல்வடிவம் பெற்ற அக்கதையில், பழங்காட்டின் பெருங்கரடியைப் பார்க்க விரும்பும் சிறுவன் துப்பாக்கியை விட்டுவிட்டுப் போகிறான். அதுவும் போதவில்லை. கடிகாரத்தையும் திசைகாட்டியையும் ஒரு புதரில் தொங்கவிட்டுவிட்டு, வழி தவறத் துணிந்தபின்தான் கரடி அவனுக்குக் காட்சி தருகிறது. ஒன்றைப் பார்ப்பதற்கு முன் எதைக் கைவிடவேண்டும் என்பதே அக்கதை. அதைத் தந்த நாட்டில்தான் இன்று ஒவ்வொரு மரத்திலும் ஒரு கடிகாரம் தொங்குகிறது.

கேமரா என்ற பொருளின் மீது எனக்குப் பகையில்லை. நாகரஹொளெ காட்டில் உல்லாஸ் காரந்த் புலிகளைக் கோடுகளால் அடையாளங்கண்டு கணக்கிட்டது இதே வகைக் கருவியால்தான். விஸ்கான்சின் மக்கள் தம் நிலத்தில் கேமரா வைத்து, அரசின் இயற்கைவளத் துறைக்குப் படங்களைத் தருகிறார்கள்; அது அறிவுக்குச் செய்யும் தொண்டு. என் கோரிக்கை சிறியது. ஆகஸ்ட் தொடக்கத்திலிருந்து வேட்டைப் பருவம் முடியும்வரை, வேட்டைக்கு உதவும் பெட்டி எதுவும் படத்தை வெளியே அனுப்பக்கூடாது. தனியார் நிலத்திலும் கூடாது. மான் நிலத்துக்காரனின் சொத்தன்று. அமெரிக்கச் சட்டமரபின்படி அது மக்களுக்காக மாநிலம் காத்துவரும் பொதுச்செல்வம். வேலி நிலத்துக்குத்தான்.

துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதும் விதிக்கப்படும் தனிவரியிலிருந்து 1937 முதல் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் பணம் போகிறது. அந்தக் கணக்கைக் காட்டித் தங்களைக் காட்டின் காவலர்கள் என்று வேட்டைக்காரர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். வேட்டையாடாத பெரும்பான்மை மக்கள் அதை ஓரளவு நம்பியே அவர்களைப் பொறுத்துக்கொள்கிறார்கள். அந்த நம்பிக்கை பணத்தால் மட்டும் வந்ததன்று. இவர்கள் காட்டை அறிந்தவர்கள், அதில் நடந்தவர்கள், ஓக் மரத்தை அதன் கொட்டையால் அறிபவர்கள் என்ற மதிப்பாலும் வந்தது. வரிப்பணத்தை யார் வேண்டுமானாலும் கட்டலாம். நடப்பதை நிறுத்திவிட்டால் அந்த மதிப்பைக் கோர இவர்களிடம் எதுவும் மிஞ்சாது. அடுத்த தலைமுறை வாக்காளர்கள் வேட்டையே வேண்டாம் என்று முடிவெடுக்கும் நாளில், கைப்பேசியில் இருக்கும் ஆயிரம் படங்களும் இவர்களுக்காகச் சாட்சி சொல்ல வரப்போவதில்லை.